சோமா அக்கா வராத ஞாயிறுகள்

இன்று காலை புது டீவியைச் சுவரில் பூட்ட வந்தவர், படத்துக்கு மேலும் கீழும் கிடந்த கறுப்புப் பட்டிகளைக் காட்டி, "அன்ரி, இதை எடுத்துப் படத்தை முழுசா நிரப்பி விடட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். டீவியைச் சுற்றிப் பெட்டிக்குள் அடைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் கட்டியின் வாசனையில், நீங்கள் போன பிறகு வீட்டுக்கு வரும் முதல் டீவி இது என்ற நினைப்பு வந்தது. அந்தக் காலத்து நீங்கள் என்றால் அவர் பக்கம்தான் நின்றிருப்பீர்கள்.

கொழும்பில், நம் வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு நீங்கள் முதன்முதலாக அகலத் திரை டீவி வாங்கி வந்தபோது, அதில் எந்தப் படமும் ஒழுங்காக நிற்கவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் கதாநாயகி என்னைவிடக் குண்டானாள். இன்னொன்றை அழுத்தினால் படம் நடுவில் சுருங்கி, நாலு பக்கமும் கறுப்பு. கறுப்பைப் பார்க்கவா இவ்வளவு பெரிதாக வாங்கினது என்று புறுபுறுத்து, கடைசியில் திரையை நிரப்பும் சூமைப் பிடித்தீர்கள். எல்லாருடைய நெற்றியும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. உங்களுக்கு அது பரவாயில்லை. ரிமோட்டை என் கையில் தரவும் மாட்டீர்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் தமிழ்ப் படம் போடுவார்கள், வசனம் படத்தின் அடியில் சிங்கள எழுத்தில் ஓடும். கீழ்வீட்டுச் சோமா அக்கா தன் வீட்டு டீவியில் ஓயாத கிரிக்கெட்டிலிருந்து தப்பி, நம்மோடு பார்க்க வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. வேலை செய்த கந்தோரில் நீங்கள் பழகிய சிங்களத்தில்தான் அவரோடு கதைத்தோம். தமிழர் வீடென்று பொலிஸ் சோதனைக்கு வரும்போதெல்லாம் நம் கதவடியில் வந்து நின்று, இவர்களை எனக்குத் தெரியும், நல்ல மனிதர் என்று சொன்னவர் அவர்.

அந்த அகலத் திரை டீவி வந்த பிறகு இரண்டு ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அந்தக் கிழமைதான் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. படியில் கண்டபோதும் சிரித்துவிட்டு அவசரமாகப் போனார். மறு ஞாயிறும் வராதபோது, காரணம் எனக்கு விளங்கிவிட்டதென்றே நினைத்தேன்: குண்டுக்குப் பிறகு தமிழர் வீட்டுக்கு வர அவருக்கு மனமில்லை. இனிப் பொலிஸ் வந்தால் நமக்கு யார் என்று பயம். அதைவிட, அவருமா என்ற நோவு. கேட்கப் போய் அவமானப்பட வேண்டாம் என்று உங்களை மறித்தேன். நீங்கள் சேட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டே, "என்னெண்டாலும் அவவின்ர வாயால கேப்பம்" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள்.

திரும்பி வரும்போது உங்கள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இஞ்சேரும், கோவமுமில்லை, ஒண்டுமில்லை. நான் சூம் பண்ணினதில அடியில போற சிங்கள எழுத்தெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. மனிசிக்குப் படம் விளங்கேல்லை. நாங்கள் ஆசையா வாங்கின சாமானில குறை சொல்லக் கூடாதெண்டு பேசாமல் இருந்திருக்கிறா."

நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். வெட்கத்திலா, ஆறுதலிலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, பழைய டீவியின் அளவுக்கே சுருங்கிய அந்தப் படத்தை நீங்களே போட்டீர்கள். சோமா அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டப் போய் இருந்தார். புது டீவியில் பார்த்த முதல் இரண்டு ஞாயிறும் அவர் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார். அன்று நம்மோடு சேர்ந்து சிரித்தார். நீங்கள் படத்தைப் பார்க்கவேயில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வழக்கமாக வருகிற ஒருவர் வராமல் விட்டால், இப்போதெல்லாம் நான் காரணத்தை ஊகித்துக்கொண்டு வீட்டில் இருப்பதில்லை. போய்க் கேட்டுவிடுகிறேன். உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வந்து, ஏன் இன்னும் வரவில்லை என்று உங்களைக் கேட்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.