பரிசோதனைக்கு முன் போட்ட மாத்திரை

சில நாளாக எரிச்சல் தாங்க முடியாமல், நேற்றுக் காலை சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு லேபுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் சிறுநீர் பிடிக்கும் டப்பாவைத் தருவதற்கு முன் கேட்டாள்: "ஆன்டிபயாட்டிக் எதனா போட்டீங்களாம்மா? போட்டிருந்தா சொல்லிடுங்க. கிருமிய வளத்துப் பாக்கற கல்ச்சர்ல ஒண்ணும் காட்டாது."

இல்லை என்றேன். பினாயில் வாடை அடித்த கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்ட பிறகுதான், உன்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லையே என்று தோன்றியது.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தவர்கள். சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள், கீழே பை என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கியவர்கள். பையில் தங்கிய கிருமி குழாய் வழியாக மேலே ஏறும் என்று பரீட்சையில் எழுதியவர்கள். ஆனாலும் உனக்கு எரிச்சல் வந்தபோது நீ அதற்கு வைத்த பெயர் சூடு. வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினாய். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினாய்.

"சூடுன்னு ஒரு வியாதி எந்த புக்குலடி இருக்கு?" என்று கேட்டேன்.

"வெந்தயத்துக்கு அடங்குதுல்ல? உன் புக்கக் கொண்டாந்து ஊற வெச்சுக் குடு, அதையும் முழுங்கிப் பாக்கறேன்" என்றாய்.

கடலூரில் நாம் வேலை பார்த்த பள்ளியில், ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருந்தது. ஆண் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அந்த அறையில் போய் நின்று கேட்க வேண்டும். "அதுக்கு லீவு லெட்டர எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கே போயிட்டு வந்துடலாம்டி" என்பாய். அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து மாலை வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காமல், அடக்கியும் வைத்தால் பைக்குள் கிருமி பெருகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

வெந்தயத்துக்கு அடங்காதபோது மெடிக்கலில் மாத்திரை வாங்கினாய். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டு, மீதியை "அடுத்த தடவைக்கு ஆவும்" என்று கைப்பையில் வைத்துக்கொண்டாய். அடுத்த தடவையும் வந்தது. டாக்டர் கல்ச்சர் எழுதிக் கொடுத்து, தனக்குத் தெரிந்த கடலூர் லேபுக்குப் போகச் சொன்னார். அந்த வலியோடு, ஆலப்பாக்கம் தாண்டும்வரை குலுக்கி எடுக்கும் பஸ்ஸில் எப்படிப் போவது? வழியில் அடக்க முடியாமல் போனால்? கிளம்புவதற்கு முன் மீதி மாத்திரையைப் போட்டுக்கொண்டாய். லேபுக்குப் போய்ச் சேருவதற்காகப் போட்ட மாத்திரையே லேபின் கண்ணைக் கட்டிவிட்டது. கிருமி வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. பிறகு போனபோதெல்லாம் அப்படித்தான் செய்திருக்கிறாய். அப்படித்தான் வந்திருக்கிறது.

"பாத்தியா, கிருமியே இல்லியாம். வெறும் சூடு" என்றாய். உன் வீட்டுக்காரர், "அவளுக்கு டென்ஷன் ஜாஸ்தி" என்றார். மாத்திரை விஷயத்தை நீ என்னிடம் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். நடுங்கும் குளிர்க் காய்ச்சலும், விலாவுக்குப் பின்னால் வலியுமாக நீ சுருண்டு கிடந்தபோது கிருமி ஏற வேண்டிய இடத்துக்கு ஏறிவிட்டிருந்தது. ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்தக் கிருமி எது, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெளிவாகச் சொன்ன முதல் ரிப்போர்ட், உன்னை எடுத்த மறுநாள் வந்தது.

இப்போது பள்ளியில் புதுக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். அதற்கும் பூட்டு. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்கிறோம். பையன்கள் குடிக்கிறார்கள். பெரிய வகுப்புப் பெண்கள் பாட்டிலை வாயருகே கொண்டுபோய்விட்டு இறக்குகிறார்கள். அடக்காதீர்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், பரிசோதனைக்குக் கொடுத்த பிறகு மருந்தைத் தொடங்குங்கள் என்றெல்லாம் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். கேட்டால் பரீட்சையிலும் சரியாக எழுதுவார்கள்.

உன் மகள் கடலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஒரு டம்ளர் மோர் வாங்கி நீட்டினேன்.

"வேணாம் பெரியம்மா, பஸ் ஏறணும்."

"உங்கம்மா எதனால போனான்னு தெரியும்ல?"

"தெரியும் பெரியம்மா. எங்க ஆபீஸ்ல பாத்ரூமுக்கு ஓனர் ரூம் வழியாத்தான் போவணும். நான் என்னா பண்ணட்டும், சொல்லுங்க."

பஸ் வந்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். டம்ளரை அப்படியே மோர்க்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"காசு குடுத்துட்டீங்க, நீங்களாவது குடிங்கம்மா" என்றார்.

எனக்கும் பஸ் ஏற வேண்டியிருந்தது.