அத்தைக்கு நான் சொன்ன எடை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. கல்யாணம் நடக்கப்போகிற படகின் தளத்தில் கீறல் விழக்கூடாது என்று நீ சொன்ன ரப்பர் அடிச் செருப்பை நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் வாங்கியாகிவிட்டது, அம்மா அதை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகுகிறாள், என்னவோ படகு நம் சமையலறைக்கே வந்து நிற்கப்போகிற மாதிரி. வாந்தி மாத்திரை வாங்கப் போனேன், எத்தனை பேருக்கு என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார், பதினாறு என்றேன், பஸ்ஸில் சுற்றுலாவா என்றார், இல்லை மகள் கல்யாணம் என்றேன், மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்.

இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். கீழே எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை கண்ணு. நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவேன். அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைக்காமல் முழுவதும் படி.

படகுக் கம்பெனியின் படிவத்தை நீ அனுப்பினாயே, முப்பத்தாறு பேருக்கு மேல் கைக்குழந்தைகூட ஏறக்கூடாது, பெரிய படகு தள்ளி நிற்கும், துறையிலிருந்து ஆறு ஆறு பேராகச் சிறு படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள், இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்க ஆளாளுக்கு எடை எழுத வேண்டும் என்று. அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக லாரிகளை நிறுத்தி எடை போடுகிறவன் நான், மகள் கல்யாணத்தில் இப்படி ஒரு வேலை வேறு யாருக்கு வாய்க்கும்? நம் பக்கத்துப் பதினாறு பேரையும் ஒரே சனிக்கிழமை எடைமேடை ஆபீசுக்கு வரச்சொன்னேன். சின்ன வயதில் நீ ஏறிக் குதிப்பாயே, அந்த மூட்டைத் தராசுதான். தட்டு ஜன்னலுக்கு வெளியே, எண் காட்டும் பெட்டி உள்ளே என் மேசைமேல் என்னைப் பார்த்தபடி. உன் மாமா பெல்ட்டைக் கழற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்றி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சுக்கு எடை கிடையாது இறங்குங்கள் என்றேன். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் என் தோளில் கையைப் போட்டு, "எனக்கும் ஒரு எடம் வச்சிருப்பீங்கல்ல?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்கு இல்லாத இடமா என்று நானும் பல்லைக் காட்டினேன். பதினாறில் ஒருவரைக் கழிக்க வேண்டியதாயிற்று.

உன் அத்தை அப்போதுதான் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையை முடித்துவிட்டு, கையில் சோப்பு வாசனையோடு, தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு. தட்டில் ஏறி நின்றாள். பெட்டியில் தொண்ணூற்றொன்று காட்டியது. நான் நூற்று நாலு என்றேன். ஆளுக்கு நூறுதான் கணக்கு, அதற்கு மேலே போனால் சிறு படகில் ஏற்றமாட்டார்கள் என்றேன். படிவத்தில் அப்படி ஒரு வரி கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

ஏன் அவள் என்று நீ கேட்பாய். இடம் போதவில்லை என்பது ஒரு சாக்கு. மாப்பிள்ளையின் அப்பா அம்மா நம் வீட்டுக்கு வந்த அன்று அவள் சம்பந்தியின் முதுகில் பளாரென்று தட்டிச் சிரித்தாளே, உங்க பையன் குறட்டை விடுவானா என்று கேட்டாளே, சம்பந்தியம்மா உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் கிடந்தது. படகில் அவர்கள் பக்கத்து டாக்டரும் வக்கீலும் நிற்கும்போது என் அக்கா இப்படித் தட்டினால் என்ன செய்வது என்று யோசித்தேன். அவளை நினைத்து வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை. அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் உனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்தில் விட்டது யார், நீ காய்ச்சலில் உளறியபோது மூன்று நாள் மடியில் போட்டுக்கொண்டு இருந்தது யார், எல்லாம் தெரிந்துதான் இதைச் செய்தேன்.

அவள் அழுதிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் சிரித்தாள். "நாலு கிலோதானடா, ரெண்டு மாசம் இருக்கே, கொறச்சுக் காட்டறேன் பாரு" என்றாள். மறுநாளிலிருந்து வேலைக்கு நடந்தே போனாள், நாற்பது நிமிஷ நடை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். ஞாயிறு தவறாமல் தட்டில் வந்து நின்றாள். பெட்டியில் எண்பத்தெட்டு, எண்பத்தாறு, எண்பத்துமூன்று என்று இறங்கியது, நான் நூற்று மூன்றரை, நூற்று மூன்று, நூற்று இரண்டரை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், என் அக்கா சோறு தின்பதையே நிறுத்திவிட்டாள், நான் எதில் மறைப்பது? உன் கல்யாணத்துக்கென்று தைத்த நீல உடுப்பை இரண்டு தடவை பிரித்துப் பிடித்துத் தைத்தாள். அப்படியும் தராசின்மேல் சந்தேகம் வரவில்லை. சாப்பிடாவிட்டாலும் கரையாத உடம்பு, இதுக்கு வெட்கமே இல்லை என்று தன் உடம்பைத்தான் திட்டினாள். அவள் வேலை பார்க்கிற கட்டடத்தில் மாடிக்கு மாடி எடை மெஷின் இருக்கிறது, ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை. டிரைவர்கள் தண்ணீர் டிரம்மை ஒளித்து வைத்து எடையை ஏமாற்றினால் லாரியின் கீழே படுத்துத் தேடிப் பிடித்தவன் நான். வேலியே பயிரை மேய்ந்தால் யார் பிடிப்பது?

போன வியாழக்கிழமை சலவைக்கூடத்தில் ஈரத் துணிக்கூடையைத் தூக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். பயப்படாதே, எலும்பு எதுவும் முறியவில்லை, நெற்றியில் இரண்டு தையல். நான் ஓடியபோது நர்ஸ் அவளை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுபத்தொன்பது என்று எழுதிக்கொண்டிருந்தாள். இவளோ அந்தப் பெண்ணோடு சண்டை பிடிக்கிறாள். "உன் மெஷின் பொய் சொல்லுதும்மா, நூத்தி ரெண்டரை. எந்தம்பி போட்ட எடை, அவன் கை தப்பாது" என்கிறாள். என்னைப் பார்த்ததும், "நீயே சொல்லுடா இவகிட்ட" என்றாள். நான் குனிந்து அவள் பையைத் தேடினேன். நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப்போய், பரவாயில்லை என்றார். இத்தனை சுலபமான காரியம் அது. நேற்று ஞாயிறு, அவள் என்னைத் தேடி எடைமேடைக்கு நடந்து வருவதற்கு முன்னால் நானே அவள் வீட்டுக்குப் போனேன். நெற்றியில் கட்டோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், கிளம்பத்தான். வாசலிலேயே நின்று சொன்னேன். தொண்ணூற்றொன்று என்றும், படிவத்தில் நூறு என்று எதுவும் இல்லை என்றும், முதலாளியையும், சம்பந்தியம்மா சிரித்ததையும், எதையும் விடாமல். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். மாட்டிய செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு, "அப்ப நான் சாப்பிடலாமாடா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். உள்ளே போய்ச் சட்டியில் இருந்ததைத் தட்டில் கொட்டி நின்றபடியே சாப்பிட்டாள். நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நீ கெளம்பு. படகுல என் எடத்தையும் நீயே வச்சுக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இந்த ஐம்பது வருஷத்தில் அவள் கதவைச் சாத்தியது இதுதான் முதல் தடவை.

கண்ணு, உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே அத்தைக்குப் போன் செய், சாயங்காலம் ஐந்துக்கு மேல் வீட்டில் இருப்பாள். எனக்காகப் பரிந்து பேசாதே, அப்பா பாவம் என்று சொல்லிவிடாதே. அத்தை, நீ வரவேண்டும் என்று மட்டும் சொல்லிக் கூப்பிடு. உனக்காக வந்தாலும் வருவாள். வந்தால் அவளை முதல் சிறு படகில் முன்வரிசையில் உட்காரவை, யார் முதுகில் வேண்டுமானாலும் தட்டட்டும். நான் கடைசிப் படகில் வந்துகொள்கிறேன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார வேண்டாம். என்மேல் உனக்கு வரும் கோபத்தைக் குறைத்துக்கொள்ளாதே, ஆனால் அதற்காக நீ சாப்பிடாமல் இருந்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒருவரிடம் ஒருவர் மறைக்காமல் வாழவேண்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் உங்களுக்கு உண்டு, என்னோடு சரியாகப் பேசாவிட்டாலும் இதை எழுதச் சொன்னது அவள்தான். படிவத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். பதினாறு பேரும் இருக்கிறார்கள், அத்தைக்கு நேரே எடையை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அவளிடமே கேட்டு எழுதிக்கொள், அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் சரி.

தலைகுனிந்து,
உன் அப்பா