தொண்டைமான் சீமைப் பிரஜை

2010 ஆகஸ்ட் 17, கூர், சுவிஸ்

இன்று மருமகன் சிறி எனக்கு முடி வெட்டிவிட்டான். குளியலறையில் ஸ்டூலைப் போட்டு, கழுத்தில் துவாயைச் சுற்றி, ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டுகிற அதே வேகத்தில். "ஆடாதேங்கோ மாமா, காது போயிடும். நாளைக்கு அகதி விசாரணைக்குக் காதும் வேணும்" என்றான்.

மகள் சிவகலா கதவில் சாய்ந்து நின்று பாடம் கேட்டாள்.

"எங்க பிறந்தனீங்கள் அப்பா?"

"இலங்கையில."

"இலங்கையில எங்க?"

"அட்டன் பக்கம். தேயிலைத் தோட்டத்தில."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்டும் கதைக்க வேண்டாம்."

தலையாட்டினேன். எழுபத்தாறு வயதில் பிறந்த இடத்தை மாற்றிப் பாடமாக்குகிறேன். எழுத்து இன்னும் கோணல்தான். பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். போன வருடம் செட்டிகுளம் முகாமில், கம்பிவேலிக்குள், ஒரு ரீச்சர் பிள்ளைகளுக்கு மண்ணில் அ, ஆ எழுதிக் காட்டினா. நானும் பின்னால் குந்தியிருந்தேன். அங்கே வேறு என்ன வேலை.

ஆகஸ்ட் 18

கெடுத்துவிட்டேன்.

எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க பத்மநாதன் என்று ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. முதலில் போரைப் பற்றிக் கேட்டா. தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய எங்களுக்கு மாத்தளனில் என்ன நடந்தது? மனைவி இராசம்மாவும் மகன் குணசேகரமும் எப்படி இறந்தார்கள்? "செல் விழுந்துச்சு. ரெண்டு பேரும் போயிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

தண்ணீர் கொடுத்தா. பிறகு, என்னை ஆறுதல்படுத்தத்தானோ என்னவோ, "எந்த நாட்டில் பிறந்தீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டா.

"தொண்டைமான் சமஸ்தானம்."

பத்மநாதன் திரும்பிப் பார்த்தான். "ஐயா, நாடு. நாட்டைக் கேக்கிறா."

"அதுதான் நாடு. புதுக்கோட்டை. எங்களுக்கு ராஜா இருந்தாரு."

"அப்பிடியொரு நாடு இல்லை ஐயா."

"இப்ப இல்ல தம்பி. அப்ப இருந்துச்சு."

அவா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொல்லுங்கள் என்றா. சொன்னேன். அய்யா பெயர் அடைக்கலம். எங்கள் சமஸ்தானத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் சீமை, நடுவில் நாங்கள். எங்களுக்குத் தனிக் காசு. நவராத்திரிக்கு ராஜா வீட்டில் ஏழைகளுக்கு அரிசியும் அம்மன் காசும் கொடுப்பார்கள். ராஜாவை ஆறு வயதில் சிம்மாசனத்தில் உட்கார வைத்தது வெள்ளைக்காரன், நாட்டை நடத்தியது திவான். எல்லாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசியிருப்பேன். அவா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தா. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

முடிந்ததும் பத்மநாதன் வெளியே வந்து சிகரெட் பற்ற வைத்தான். "ஐயா, நீங்கள் இந்தியன் எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். நீங்கள் சொன்னதைத்தானே நான் சொல்லலாம்" என்றான். அவனில் பிழை இல்லை.

ஆகஸ்ட் 20

சிவகலா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டுக் கத்தினாள். கோபம் வந்தால் அவளுக்கு யாழ்ப்பாணப் பேச்சு கழன்றுவிடும், தோட்டத்துப் பேச்சு வந்துவிடும்.

"ஏன்பா சொன்னீங்க? எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன்! எனக்குன்னு இனி யாருப்பா இருக்கா?"

சிறி சிரிக்கப் பார்த்தான். "ராஜாவின்ரை பிரஜை சாப்பிடுறார், சத்தம் போடாதையும்." அவள் சிரிக்கவில்லை. நானும்.

ஏன் சொன்னேன்? அய்யா சொல்லிக்கொடுத்தது அது. நாற்பத்தாறில் அய்யா என்னை இலங்கைக்குக் கூட்டிப்போனபோது மண்டபம் காம்பில் உடுப்பைக் கழற்றி நிறுத்தி, மருந்தடித்து, கிளார்க் கேட்டான், எந்தச் சீமை என்று. உரிந்த உடம்போடு நின்றபடி அய்யா சொன்னார்: "தொண்டைமான் சீமை. நாங்க ராஜா பிரஜை, வெள்ளைக்காரன் பிரஜை இல்ல." கிளார்க் சிரித்தான். "உங்க ராஜாவே வெள்ளைக்காரனைக் கேட்டுத்தான்டா மூச்சு விடுறாரு." அய்யா அசையவில்லை. என்னிடம் திரும்பி, "எவன் கேட்டாலும் இதையே சொல்லு" என்றார். அம்மணமாக நின்றவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஒக்டோபர் 12

நவராத்திரி. சிவகலா கோயிலுக்குப் போய்விட்டாள். மலை உச்சியில் பனி விழத் தொடங்கிவிட்டது.

அம்மா என்னை இடுப்பில் வைத்து அரிசி வாங்க வரிசையில் நின்றது தெரிகிறது. உள்ளங்கையில் அம்மன் காசு, நெற்றிப்பொட்டு அளவுதான். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் ஏதோ தெலுங்கு எழுத்து. திரும்பி வரும்போது கண்மாயில் கால் கழுவ இறங்கினாள், காசு நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. இருட்டும்வரை சேற்றைத் துழாவினாள். கிடைக்கவில்லை. பிறகு காய்ச்சலில் போனபோது அதே கண்மாய்க் கரையில்தான் அவளைப் புதைத்தோம், வேம்புக்குக் கீழே. அந்தக் கண்மாயின் பெயரை எழுதிவைக்க வேண்டியதில்லை. அது எங்கே போகப்போகிறது.

டிசம்பர் 9

நெகட்டிவ் வந்திட்டுது. கேஸைத் தள்ளிவிட்டார்கள்.

டிசம்பர் 11

சிறி வாசித்துச் சொன்னான். நான் இலங்கையன் என்று நம்ப முடியாதாம். இலங்கைப் பக்கம் கேட்டதற்கு என் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை என்றார்களாம். இருந்த அடையாளத் துண்டுகள் எல்லாம் மாத்தளன் கடற்கரையில் போய்விட்டன. ஆகவே இந்தியா. இந்தியா என்னை ஏற்றால் அனுப்பிவிடுவார்கள்.

இந்தியாவில் எனக்கு யார்? பன்னிரண்டு வயதில் விட்டது. அங்கே எந்த வாசலில் போய் நிற்பேன்?

நாற்பத்தெட்டு ஞாபகம் வருகிறது. மாசி மாதம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி வந்து சொன்னான்: "டேய் அடைக்கலம், உன் சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோட சேத்துட்டாங்களாம். உங்க ராஜா சாவியைக் குடுத்துட்டாராம்." அய்யா கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வருடம் முடியுமுன்னே இலங்கைக்காரன் சட்டம் போட்டான், தோட்டத்து ஆட்கள் எங்கள் பிரஜை இல்லை என்று. ஒரே வருடத்தில் இரண்டு நாடும் போயிற்று. அய்யா அதற்குப் பிறகு ராஜா பேச்சை எடுக்கவே இல்லை. நான்தான் விடாமல் வைத்திருந்தேன், மடையன்.

2011 பெப்ரவரி 3

வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். "உங்கள் அப்பா போரைப் பற்றி மூன்று வரி சொல்லியிருக்கிறார். அந்த ராஜாவைப் பற்றிப் பதினொரு பக்கம்" என்று சிவகலாவிடம் சொன்னாவாம். அதட்டவில்லை, சலித்துப்போய்ச் சொன்னா. மேலிடத்துக்கு எழுதிக் கேட்க இனி வழியில்லை. பேர்னில் இந்தியத் தூதரகத்தில் என்னைக் காட்டுவார்கள். எங்கள் ஆள் இல்லை என்று அவர்கள் சொன்னால், அனுப்ப இடமில்லாமல் இங்கே வைத்திருப்பார்கள்.

ரயிலில் சிறி என் பக்கத்தில் வந்து இருந்தான். இந்த முறை பகிடி இல்லை. "மாமா, அங்க ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. ராஜா தெரியாது, ஊர் தெரியாது. செய்வியளோ?"

"தெரியுமே மாப்பிள்ளை."

"தெரியும். அதைத்தான் கேக்கிறன்."

பெப்ரவரி 4

இரவு முழுக்க மகள் அறையில் விசும்பல். சுவர் மெல்லியது.

மே 24

பேர்ன் போய் வந்தேன். எழுதக் கை வரவில்லை.

மே 26

எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் தூதரகத்துச் சின்ன வயது அதிகாரி. சுவிஸ்காரர் ஒருவர் மூலையில். முறைப்பான் என்று நினைத்துப் போனேன். அவனோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கய்யா. சாப்டீங்களா?"

அறுபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பேச்சு. எங்கள் பக்கத்துப் பேச்சு. கண் கலங்கப் பார்த்தது, மூக்கைச் சிந்தினேன்.

"தொண்டைமான் சமஸ்தானம்னு போட்டிருக்கு. பாத்ததும் நிமிந்து உக்காந்துட்டேன். எங்க அம்மாவுக்குத் திருமயம்யா. அம்மாச்சி ஒரு அம்மன் காசு பத்திரமா வச்சிருந்துச்சு. நவராத்திரிக்கு அரிசியோட குடுப்பாங்களாமே?"

"தெரியாதுங்க."

"நீங்கதானய்யா சொல்லியிருக்கீங்க?"

"வயசாயிருச்சு. தோட்டத்துல யாராச்சும் பேசினதைச் சொல்லியிருப்பேன்."

"உங்க அம்மா?"

"தோட்டத்துலதான் செத்தா. அங்கதான் பொதைச்சோம்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேசையைப் பார்த்தேன். "நீங்க சொன்ன ஊர்ல ஒரு கண்மாய் இருக்கணுமே. அது பேராச்சும் தெரியுமா?"

நாக்கு நுனியில் வந்து நின்றது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

"தெரியாதுங்க சார்."

பிறகு எழுதினான். வாசல் வரை வந்து ஒரு சின்ன அட்டையைக் கையில் வைத்தான். "எப்பவாச்சும் ஞாபகம் வந்தா ஒரு போன் பண்ணுங்கய்யா. வேலைக்காக இல்ல. எங்க அம்மா சந்தோசப்படும்." அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான், எங்கள் ஆள் இல்லை என்று எழுதினான்.

சிறி வெளியே நின்றான். "என்ன மாமா?" என்றான். அம்மாவை இடம் மாற்றிப் புதைத்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். அவன் என் கையைப் பிடித்தான்.

மே 30

அந்த அட்டையை அலமாரியில் சட்டைக்குக் கீழே வைத்தேன்.

2012 ஜனவரி 19

எஃப் கார்ட் வந்துவிட்டது. இங்கே இருக்கலாம், எல்லை தாண்ட முடியாது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சிவகலா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு பாயசம் வைத்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"எந்த நாடுன்னு போட்டிருக்கு மாப்பிள்ளை?"

சிறி கார்டைத் திருப்பிப் பார்த்தான். "தெரியாது எண்டு போட்டிருக்கு மாமா."

"உனக்கு வாசிக்கத் தெரியலையா?"

"இல்லை மாமா. அப்பிடித்தான் எழுதியிருக்கு. நாடு: தெரியாது."

பழைய ராஜா ஒருவர் வெள்ளைக்காரியைக் கட்டியதால் ஊரை விட்டுப் போய், கடல் கடந்த சீமையிலேயே இறந்து, அங்கேயே எரிந்தார் என்று அய்யா சொல்வார். எனக்கும் இங்கேதான். பிரஜைக்கு அது போதும்.

ஒக்டோபர் 18

நவராத்திரி. சிவகலா அவலும் கடலையும் வைத்துக் கும்பிட்டாள். நானும் அம்மாவை நினைத்து ஒரு பிடி அரிசி வைத்தேன். கரையில் இருக்கிற அம்மா என்று சொல்ல வாய் எடுத்தேன். எந்தக் கரை?

வரவில்லை.

ஒக்டோபர் 19

வரவில்லை. வேம்பு தெரிகிறது. மடை தெரிகிறது. தலைமாட்டில் அய்யா நட்ட கல், அதன் மேல் காக்கை எச்சம் கூடத் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை.

சிவகலாவைக் கேட்டேன். "நான் அந்த ஊரைக் கண்டனோ அப்பா? நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லையே" என்றாள்.

ஒக்டோபர் 22

முன்னால் எழுதிய பக்கங்களை எல்லாம் புரட்டினேன். எழுதிவைக்க வேண்டியதில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 23

அந்த அதிகாரித் தம்பி தந்த அட்டை அலமாரியில், சட்டைக்குக் கீழே இருக்கிறது. அவன் அம்மாவைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவா. இன்று மகள் வேலைக்குப் போனபின் எடுத்து வைத்துக்கொண்டு, போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

எனக்கு அந்த ஊர் தெரியாது என்று அவனிடம் சொன்னவன் நான். என்னவென்று கேட்பேன்?

அட்டையைத் திரும்பச் சட்டைக்குக் கீழே வைத்தேன். சிவகலா வந்து, "என்னப்பா முகம் வாடிக் கிடக்கு?" என்றாள். குளிர் என்றேன். போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டாள்.