புது வீட்டில் என் அறை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

அப்பா அனுப்பிய புது வீட்டின் வரைபடம் கிடைத்தது. ‘பாப்பா அறை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், விடுதியில் என் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டேன். வார்டன் அக்கா, “என்னடி, இங்க இடம் பத்தலைன்னு சுவத்துலயே வீடு கட்டிட்டியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கணக்குப் புத்தகத்தில் உள்ள முறைப்படி, அந்த வீட்டுக்காக வாங்கப்போவதாக அப்பா எழுதியிருந்த பெரிய கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். அப்பாவின் சம்பளம் போதவில்லை. எப்படிக் கூட்டினாலும், என் அறையை ஐந்து வருடம் வாடகைக்கு விட்டால்தான் கணக்குச் சரியாக வருகிறது. அதற்குள் நான் பள்ளியையே முடித்துவிடுவேன்.

அதனால் கடன் வேண்டாம், அப்பா. இப்போது இருக்கும் வீட்டில் இடமில்லை என்றுதானே என்னை இங்கே சேர்த்தீர்கள்? நம் ஹாலில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். இங்கே என் கட்டிலை ஸ்கேலால் அளந்தேன். நீளம் ஆறடி, அகலம் இரண்டரை அடிதான்.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள்
பாப்பா

பி.கு.: பீரோவைக் கொஞ்சம் தள்ளிவைத்தும் அளக்கலாம்.