உன் குளியலறையை நான் உடைத்த விடுமுறை

என் அன்பு மச்சான் குகனுக்கு,

நீ இருக்கிற இடத்தில் ஈஸ்டருக்கு விடுமுறை உண்டோ தெரியாது. இங்கே உண்டு. அது எப்படிக் கழிந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இடையிடையே உன்னைத் திட்டவும் வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது நான் திட்டத் தொடங்கினால் தேத்தண்ணியைக் கையில் தந்து பேச்சை மாற்றிவிடுவாய். இப்போது முழுதாகத் திட்டி முடிக்கலாம்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த ஒரு வருடமும் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதையே கதைத்தார்கள். நானும் கதைத்தேன். என் பங்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த விடுமுறைக்கு எங்கும் போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். லண்டனில் ஒரு கலியாணம் இருந்தது; காய்ச்சல் என்று சொல்லித் தப்பினேன். லோறென்ஸ்கூக்கில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் நோர்வேக்காரர் எல்லோரும் காரின் தலையில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார்கள். ஆண்டவர் பாடுபட்டு உயிர்த்த வாரத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டு கொலைக்கதை படிப்பது இவர்களுடைய வழக்கம் என்பது உனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் நான் இந்த நாட்டோடு பூரணமாக இணைந்தவன். நூலகத்தில் இரண்டு கொலைகள் எடுத்து வைத்திருந்தேன். தோடம்பழமும் வாங்கியாயிற்று.

புதன்கிழமை பின்னேரம் உன் மனைவி வந்தாள். என் தங்கச்சியும் அவள்தான் என்பதால் கதவைத் தட்டாமலே வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வதனி நின்றபடி கதைத்தால் ஏற்கனவே ஏதோ முடிவெடுத்துவிட்டாள் என்று பொருள்.

"அண்ணா, குளியலறைச் சுவரிலை ஒரு கறை. ஒருக்கா வந்து பாக்கிறியளே? ஈஸ்டர் முடிஞ்ச கையோடை வீடு விக்கிற ஆள் படமெடுக்க வாறார்."

"எந்த வீடு?"

"எனக்கு எத்தினை வீடு இருக்கு?"

விஷயம் இதுதான். உன் மகள் நிலா ஆவணியில் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போகிறாள். அதற்குப் பிறகு இரண்டு மாடியில் தனி ஆளாக இருக்க வதனிக்கு விருப்பமில்லை. ஒஸ்லோவுக்குள் ரொம்மனில், தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில், அடுக்குமாடியில் சின்னதாக ஓர் இடம் பார்த்துவிட்டாள். வங்கியோடும் கதைத்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு அண்ணனுக்குச் சொல்ல வந்திருக்கிறாள், அதுவும் கறைக்காக.

நீயும் நானும் இந்த ஒட்டு வீட்டின் இரண்டு பாதியையும் ஒரே நாளில் வாங்கியவர்கள். நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால் என் தங்கச்சி இருக்கிறாள் என்ற நிம்மதியில்தான் நான் இந்த ஊரில் நித்திரை கொள்கிறேன். இனி அங்கே வேறு யாரோ இருமுவதை நான் கேட்க வேண்டுமா?

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "கறையைப் பாப்பம்" என்றேன்.

கறை உள்ளங்கை அளவுதான். துடைத்தேன், போகவில்லை. சரி, அந்த ஒரு டைல்ஸை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று திருப்புளியை விட்டேன். ஒரு விரலால் தள்ளக் கழன்று வந்தது. ஏனென்றால் நீ அதைச் சிலிக்கோனால் ஒட்டியிருக்கிறாய். மச்சான், சிலிக்கோன் என்பது தண்ணீர் இறங்காமல் மூலை இடுக்கில் இழுக்கிற பசை. நீ அதை ஒரு மதமாக அனுசரித்திருக்கிறாய். உன் யன்னல், உன் அலுமாரி, உன் படிக்கட்டின் கைபிடி எல்லாம் அதில்தான் நிற்கின்றன. உன் சவப்பெட்டியையும் அதாலேயே மூடியிருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

டைல்ஸுக்குப் பின்னால் இருந்த பலகை, தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி கையோடு வந்தது. பலகைக்குப் பின்னால் குழாய். குழாயின் மூட்டில் சைக்கிள் ரியூப். கிழித்து, இறுக்கிச் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தாய். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் பாதி ஊர் இந்த வித்தையில்தான் தண்ணீர் இறைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒஸ்லோவுக்கு யாரும் தடை போடவில்லையே? கட்டடச் சாமான் கடை பஸ் தரிப்புக்கு எதிரிலேயே இருக்கிறதே? நிலாவின் சின்னச் சைக்கிள் ஒரு கோடை முழுவதும் பின் சில்லு இல்லாமல் சாத்திக் கிடந்ததன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த முடிச்சை நான் அவிழ்த்திருக்கக் கூடாது. அவிழ்த்தேன். முகத்தில் அடித்த தண்ணீரோடு ஓடிப்போய் வீட்டு நீரையே மூடிவிட்டுப் பார்த்தால், ஈஸ்டருக்குக் கடைகள் பூட்டியாயிற்று. இந்த நாட்டில் பெரிய வியாழனுக்கு முதல்நாள் குளியலறையில் கை வைப்பவன் தமிழனாகத்தான் இருப்பான். மற்றவர்களுக்கு நாட்காட்டி தெரியும். கடைதான் இல்லையென்றால், நாட்காட்டியில் சிவப்பாக உள்ள நாட்களில் சத்தமும் போடக்கூடாது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுவது கேட்கிற அமைதி. நான் சுத்தியலுக்கு, உடுத்திப் பழசான சாரம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு உன் சுவரை மரியாதையாக உடைத்தேன்.

பெரிய வெள்ளியன்று தாசன் வந்தான், உன்னோடு பஸ் ஓட்டினவன். குளியலறை வாசலில் சப்பாத்தோடு நின்று குதிக்காலால் நிலத்தைத் தட்டினான்.

"உது போட்டுது, அண்ணை."

"எது?"

"நிலம். சுவரும் போட்டுது, உக்கிப்போச்சு. முழுசாக் கழட்டுங்கோ, பிறகு ஒரு தொல்லையுமில்லை."

"கழட்டினாப் பூட்டுறது ஆர்?"

"அதைப் பிறகு பாப்பம்" என்றான். தேத்தண்ணி குடித்தான், குகன் இருந்திருந்தால் ஒரு நாளில் முடித்திருப்பான் என்றான், போய்விட்டான். குகன் இருந்ததால்தான் இந்த நிலை என்று அவனுக்குச் சொல்ல வாய்வரை வந்தது. உன் கூட்டாளி என்பதால் விட்டுவிட்டேன்.

நிலத்தைக் கழற்றினேன். ஈரம் நடுச்சுவர் வரை போயிருந்தது. அப்படியென்றால் என் பக்கத்துக்கும் வந்திருக்குமா? பார்க்காமல் எப்படி விடுவது? என் வீட்டுச் சாமான் அலுமாரியைக் காலி செய்து, அதன் முதுகை வெட்டி, குளிருக்குச் சுவருக்குள் அடைத்திருந்த பஞ்சை இழுத்துப் பார்த்தேன். என் பக்கம் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. ஆனால் இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தலை நுழையக்கூடிய ஓட்டை இருந்தது.

"இஞ்சாருங்கோ, வதனி வீட்டுக் கறைக்கு என்ரை அலுமாரியை ஏன் வெட்டினனீங்கள்?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஈரம் வந்திருக்கோ எண்டு பாத்தன்."

"வந்திருக்கோ?"

"இல்லை."

"இப்ப திருப்தியோ?"

அவளுக்குக் கோபம் நெடுநேரம் நிற்கவில்லை. அன்று மத்தியானமே அந்த ஓட்டையால் சம்பல் போனது, இடியப்பத் தட்டு வந்தது. லண்டன் கலியாணத்தைப் பற்றி மச்சாள்மார் இருவரும் சுவருக்குள் தலையை விட்டுக் கதைத்தார்கள். உன் வீட்டில் தண்ணீர் இல்லாததால் உன் குடும்பம் துவாயோடு என் குளியலறை வாசலில் காத்து நின்றது. நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. இரண்டு புத்தகத்திலும் முதல் பிணமே இன்னும் கண்டெடுக்கப்படவில்லை.

உயிர்த்த ஞாயிறு காலை, மேல்மாடிக் கூரைத் தட்டையும் ஒருக்காத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்று அறிவித்தேன். ஓட்டையில் நிலாவின் முகம் வந்தது.

"மாமா, ஒண்டு கேக்கட்டே?"

"கேள் பிள்ளை."

"நீங்கள் திருத்திறியளோ, இல்லாட்டி அம்மா விக்கக்கூடாதெண்டு உடைக்கிறியளோ?"

"ஈரம் எதுவரைக்கும் போயிருக்கெண்டு பாக்க வேண்டாமே?"

"மேலையோ? தண்ணி கீழைதான் மாமா போகும். கொப்பர் கட்டின வீடெண்டாலும் கீழைதான் போகும்."

'உன் அப்பர்' என்று பொருள்படும் 'கொப்பர்' என்ற சொல்லைத் தன் அப்பாவுக்கே சொல்லும்படி இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பழக்கியது நீதான். நான் ஏணியை மடித்து வைத்தேன். கூரையைத் திறக்கவில்லை.

திங்கள் பின்னேரம் வதனி தேத்தண்ணியோடு வந்து, குளியலறை இருந்த இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து இருந்தாள். இந்த முறை இருந்தாள் என்பதைக் கவனித்தேன். எனக்குத் துணிவு வந்தது.

"இதை இப்பிடியே ஆரும் வாங்க மாட்டினம், வதனி. பேசாமல் இரு. ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்துவம்."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, இந்த வீட்டிலை எதைத் தொட்டாலும் அவர் கையிலை ஒட்டுறார். முன்கதவைச் சாத்துறதெண்டா முதல் தூக்க வேணும், பிறகு இழுக்க வேணும், பிறகு முழங்காலாலை ஒரு தள்ளு. அது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து நான் அவரைத் தூக்கி இழுத்துச் சாத்துறன். எனக்கு ஒரு கதவைச் சும்மா சாத்திப் பாக்க வேணும்போலை கிடக்கு."

மச்சான், இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய்? கதவின் பிணைச்சலுக்குக் கொஞ்சம் சிலிக்கோன் போடலாம் என்றிருப்பாய். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை படமெடுக்க வந்த முகவர் கூர்ச் சப்பாத்துப் போட்ட பொடியன். குளியலறையைக் கண்டதும் திரும்பி ஓடுவான் என்று, சொல்லக்கூடாது, கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன். அவன் முகம் மலர்ந்தது. மிக நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள், வாங்குகிறவர்கள் எப்படியும் உடைக்கத்தான் போகிறார்கள், அவர்களுக்கு அந்த வேலை மிச்சம் என்றான். ஒஸ்லோவைச் சுற்றி இப்போது கோழிக்கூட்டுக்குக் கதவிலக்கம் அடித்தாலும் ஏலம் கேட்க ஆள் வருகிற காலம். என் ஈஸ்டர் முழுவதையும் செலவழித்து உன் வீட்டை இன்னும் இலகுவாக விற்கும்படி செய்திருக்கிறேன்.

பழைய குளியலறையைக் கட்டியது யார் என்று அவன் கேட்டான். "என் கணவர்" என்றாள் வதனி. அவர் தொழில் தெரிந்தவரா? "பஸ் ஓட்டினவர்" என்றாள், நிமிர்ந்து நின்று. அவன் 'சொந்த முயற்சி' என்று குறித்துக்கொண்டான். உன்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் வேறு யாரும் எழுதவில்லை. உன் செத்தவீட்டில் வாசித்த இரண்டு பக்கக் கவிதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீடு போய்விட்டது. ஓர் இளம் சோடி வாங்கியிருக்கிறது. ஓட்டையைப் பார்த்து இது காற்றோட்டத்துக்கா என்று கேட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேற்று ஓட்டையை மூடினோம். நான் அலுமாரிக்குள் முழங்காலில் நின்றேன். அந்தப் பக்கம் வதனி பலகையைப் பிடித்தாள்.

"பிடிச்சிருக்கிறியோ?"

"ஓம், பிடிச்சிருக்கிறன். கெதியா முறுக்குங்கோ அண்ணா, கை உளையுது."

நான் மெதுவாகத்தான் முறுக்கினேன். கடைசித் திருகாணி இறுகிய பிறகு அவள் அந்தப் பக்கத்தில் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். திரும்பவும் சொன்னாள் போலிருக்கிறது. சத்தம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை.

உன் செத்தவீட்டில், எல்லோருக்கும் முன்னால், வதனியை இனி நான் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் திருத்தி மறுபடியும் சத்தியம் பண்ணுகிறேன். அவள் கூப்பிட்டால் ரொம்மனுக்குப் போவேன். கூப்பிடாவிட்டாலும் போவேன். ஆனால் வெறுங்கையோடு போவேன், மச்சான். திருப்புளிகூடக் கொண்டு போக மாட்டேன்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
வதனியின் அண்ணனும் நிலாவின் மாமனுமாகிய
உன் மச்சான்