ஞாயிற்றுக்கிழமை யுத்தம்

என்னைப் பொறுத்துக்கொண்டே வாழ்ந்துவிட்டுப் போன என் வீட்டுக்காரருக்கு,

மூணாம் வகுப்பு எழுத்துதான். தப்பு இருந்தா சிரிக்காதீங்க.

உங்க காரியம் முடிஞ்ச மறுநாள் நம்ம முரளி உங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தான். அதே பழைய விளையாட்டு. மரம் வெட்டி, வீடு கட்டி, கோட்டையை இடிக்கிற குட்டிக் குட்டி ஆளுங்க. "அப்பன் எழுந்ததும் மகன் உக்காந்தாச்சா? இந்தக் கருமத்துல அப்படி என்னடா இருக்கு?"ன்னேன்.

அவன் திரும்பாமலே சொன்னான்: "ஞாயித்துக்கிழமையெல்லாம் அப்பா இதுல என்கூடத்தான் இருந்தாரும்மா. அவர் இங்க சாங்வி வீட்டுல, நான் அங்க வாகட் வீட்டுல. ரெண்டு பேரும் ஒரே கட்சி."

பதினோரு வருஷம் முன்னாடி, நம்மளைக் கேக்காம ஒரு மராத்திப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னவன். அவளோட பச்சைப் புடவை, கையில பேடா டப்பா, எல்லாம் கண்ணுக்குள்ளயே இருக்கு. உள்ள விடலை நான். அந்த மராத்திக்காரி வீட்டை மிதிக்க மாட்டேன், போன்லகூடப் பேச மாட்டேன்னு உங்ககிட்ட சத்தியமும் வாங்கினேன். நீங்க மீறலை. பொம்மைச் சண்டைக்குள்ள போய் மகனைப் பாத்துக்கிட்டீங்க.

"விளையாட்டுல என் ஆளுங்களுக்குச் சோறு குறைஞ்சா கேக்காமலே அனுப்புவாரும்மா. புதுசா எத்தனையோ விளையாட்டு வந்துச்சு, அப்பா மாத்த விடலை. இதுல ஒவ்வொரு தடவையும் மூணு ஆள், ஒரு வீடுன்னு முதல்லேருந்து தொடங்கணும். இடமும் புதுசா இருக்கும். போன வாரம் நம்மளை அழிச்சவனும் சமமா வந்து நிப்பான். பழைய பகை கூடவே வராது. அதான் சலிக்கவே இல்லை."

அவன் விளையாட்டைத்தான் சொன்னான். எனக்குத்தான் முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியலை.

ஒருநாள் சாம்பார் ஆறுதுன்னு நான் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேனே, ஞாபகம் இருக்கா? அந்தப் பக்கம் பேத்தி முரளி மடியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாளாம். "ஆஜோபா ஏன் போயிட்டார்?"னு அழுதாளாம். தாத்தாவை அப்படித்தான் சொல்லுவாளாம். "அஷ்வினிதான் சமாதானம் பண்ணினா. பாட்டி சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்கன்னு சொன்னா"ங்கிறான்.

நான் வாசல்லயே நிறுத்தின பொண்ணு என்னை விட்டுக்கொடுக்கலை. நீங்களும் அன்னைக்கு வாயைத் திறக்காம சாப்பிட்டு எழுந்தீங்க. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

வர்ற ஞாயித்துக்கிழமை வாகட் போறேன். முரளி வண்டி கொண்டுவரேன்னான். வேண்டாம்னுட்டேன், பஸ்ல போய்க்கிறேன். காய்காரியோட சண்டை போடற மராத்திதான் எனக்கு வரும், மன்னிப்புக் கேக்கற மராத்தி வராது. தமிழ்லயே கேக்கறேன். அவ உள்ள விடலைன்னா, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவேன்.

இது சத்தியம்.

அஷ்வினியோட மாமியார்,
சரோஜா