கல்லுக்குப் போர்த்திய கொங்காணி

என் தங்கமே சுகந்தி,

பண்டாரவளைக்கு ஜப்பான் மொழி படிக்கப் போகிற உன் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கும் பெரகலையில் பஸ்ஸுக்கு நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்திருப்பாள். நான் அழவில்லை. இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி நீ போன பிறகு, கருமாதி முடியும் மட்டும் நான் லயத்து வீட்டை விட்டு இறங்கவில்லை. மறுபடி வேலைக்குப் போன அன்று உன் கொங்காணியைத்தான் போட்டுக்கொண்டு போனேன். மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை தொங்குமே, அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் சீட்டு. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு நேரே கவ்வாத்துச் சாமியிடம் நடந்தேன். தேயிலைச் செடி வெட்டுகிற ஆம்பளைகள் கத்தியை வைத்துக் கும்பிடுகிற அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தானே நீ விழுந்து கிடந்தாய்? அது பார்த்துக்கொண்டுதானே நின்றது? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத்தான் போனேன்.

மழை ஊற்றியது. சாமிக்குப் பூசியிருந்த மஞ்சள், குங்குமம் எல்லாம் கரைந்து ஓடி, வெறுங்கல்லாக நனைந்துகொண்டிருந்தது. ஏச வாயைத் திறந்தேன். நீ சொன்ன கதை வந்து முன்னால் நின்றுவிட்டது.

நான் ரொட்டிக்கு மாவு பிசையும்போது, வகுப்பில் படித்ததைத் தமிழில் சொல்லிப் பார்ப்பாயே, அதில் ஒன்று. வருசப்பிறப்புக்கு முதல் நாள், வீட்டில் ஒன்றும் இல்லாத கிழவன் வைக்கோல் தொப்பி பின்னி விற்கப் போகிறான். ஒன்றும் விற்கவில்லை. திரும்பும் வழியில் கல்லுச் சாமிகள் பனியில் வரிசையாக நிற்கின்றன. விற்காத தொப்பிகளை அவற்றுக்குப் போட்டுக்கொண்டே போகிறான். கடைசிச் சாமிக்குத் தொப்பி இல்லை. தன் தலையில் இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, நனைந்த தலையோடு வீட்டுக்குப் போகிறான்.

"பொண்டாட்டிக்காரி ஒரு வார்த்த ஏசலயாம்மா. நீயா இருந்தா?"

"நானா இருந்தா வாசல்லயே நிப்பாட்டியிருப்பேன். போய்த் தொப்பிய வாங்கிட்டு வாய்யான்னு."

"அதான் உன்னய வச்சி யாரும் கத கட்டல."

அப்படிச் சிரித்தாய். பிறகு அந்த நாட்டு வழக்கத்தையும் சொன்னாய். அந்தக் கல்லுச் சாமிகள்தான், தாய் தகப்பனுக்கு முந்திப் போய்விட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுமாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதற்குச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்களாம். கல்லுக்கு எதுக்குடி துணி என்றேன். "கல்லுக்குக் குளிராதுன்னு அவங்களுக்குத் தெரியாதாம்மா? புள்ளைக்குக் குளிருமேன்னுதான் கட்டுறாங்க" என்றாய்.

ஏசப் போனவள், கொங்காணியைக் கழற்றிக் கல்லுக்குப் போர்த்திவிட்டு வந்தேன்.

அன்று பிடித்தது சண்டை. கோயில் தலைவர் ஆட்களோடு நம் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னாம்மா இது? செத்தவ துணிய சாமிக்குப் போடுறதா? தீட்டும்மா."

"எம்மவ உசுரு போனது அந்தக் காலடியிலதாங்க, தலைவரே. அப்ப படாத தீட்டு இப்பதான் பட்டுச்சா? ஜப்பான்ல புள்ளையப் பறிகொடுத்தவங்க கல்லுச் சாமிக்குத் துணி கட்டுறாங்களாமே."

"ஜப்பான்காரன் செய்யிறத எல்லாம் நம்ம சாமிக்குச் செய்ய முடியுமா?"

"அங்க புள்ள செத்தா ஒரு மாதிரியும், இங்க செத்தா ஒரு மாதிரியுமா இருக்கும் பெத்தவளுக்கு?"

கவ்வாத்துப் பூசைக்குள் அதை எடுக்காவிட்டால் நம் வீட்டுத் திருவிழா வரியை வாங்கமாட்டோம் என்றார். வரி வாங்காவிட்டால் நல்லது கெட்டதுக்கு நம் வாசலை யார் மிதிப்பார்கள்? மலையில் பொம்பளைகளும் விடவில்லை. "சாமிக்கு அடுத்தது செருப்பா, அக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள். "உன் காலு அளவு குடு, வாங்கித் தாரேன்" என்றேன். கடைசியில் ஒரு நாள் உன் அப்பாவும், "எடுத்துரு புள்ள. நாளைக்கி நம்மளத் தூக்கவும் நாலு பேரு வேணுமில்ல" என்றார். நான் எடுக்கவில்லை. மழைத்தண்ணி ஓடுகிற கானில் தூக்கி வீசினார்கள். கழுவிக்கொண்டு போய் மறுபடி போட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசை. சேவல் அறுத்து, தேங்காய் உடைத்து, கொங்காணியை எல்லாருக்கும் முன்னால் கொளுத்திவிட்டார்கள். கத்தியோடு நின்ற ஆம்பளைகளில் உன் அப்பாவும் ஒருவர். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, அவர் வரட்டும் என்று காத்திருந்தேன். என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தேன்.

பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்றார். காலையில் அவர் போட்டுக்கொண்டு போன மழைக் கோட்டைக் காணோம்.

"எங்கங்க கோட்டு?"

"அங்கதான்."

"எங்க?"

"அதான் புள்ள... அவளுக்குக் குளிருமில்ல. எல்லாரும் நிக்கத்தான் போட்டேன். எவனும் வாயத் தொறக்கல."

நான் ஏசவில்லை, சுகந்தி. அடுக்கி வைத்திருந்த ஒன்றையும் கேட்கவில்லை. தலையைத் துவட்டிவிட்டு ப்ளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். இப்போது என்னை வைத்துக் கதை கட்டுவாயா?

உன் கதையில் கல்லுச் சாமிகள் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து கிழவன் வாசலில் வைத்துவிட்டுப் போகும். நம் வாசலுக்கு ஒன்றும் வரவில்லை. வரவும் வேண்டாம். நீ வரப்போவதில்லை என்றால் வேறு எந்த மூட்டை எனக்கு எதற்கு? அவர்கள் வரியை வாங்காமலே இருக்கட்டும். கோட்டையும் கொளுத்தினால் என் சேலை இருக்கிறது. அதையும் கொளுத்தினால் அவர் கம்பளி இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் இந்த லயத்தில் இருக்கும் வரை, ஏழாம் நம்பர் மலையில் உன்னை நனைய விடமாட்டோம்.

மாவு பிசைந்துகொண்டே உன் கதை கேட்ட
உன் அம்மா